கல்கத்தாவில் பலியான குதிரை

காக்ரேன் கேம்பிட் என்பது சதுரங்கத்தில் பெத்ரோவ் தற்காப்புக்கு எதிராக வெள்ளை துணிந்து கொடுக்கும் குதிரைப் பலி. தொடக்கம் சாதுவானதுதான். இருவரும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, ஆளுக்கொரு குதிரையை இறக்குகிறார்கள். வெள்ளைக் குதிரை ஈ5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு டி6 ஆடி அதை விரட்டுகிறது. வழக்கப்படி அது எஃப்3-க்குத் திரும்ப வேண்டும். இந்த ஆட்டத்தில் திரும்பாமல் எஃப்7 சிப்பாயையும் வெட்டுகிறது. ராணியும் யானையும் ஒருசேர அதன் குறியில் விழுவதால், ராஜாவே இறங்கி வந்து குதிரையை வெட்டுகிறது.

1848-இல் கல்கத்தாவில் இதை ஆடியவர் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து பாரிஸ்டர். எதிரே இருந்தவர் மகேஷ்சந்திர பானர்ஜி. சிப்பாய் முதல் நகர்வில் ஒரு கட்டம் மட்டுமே போகும் பழைய இந்திய விதிகளில் பழகியவர் அவர். மந்திரியை ஓரத்தில் நிறுத்தி அவர் ஆடிய பாணியிலிருந்துதான் இன்றைய ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயர் வந்தது. காக்ரேனின் பெயர் உலகெங்கும் ஒலிக்க, பானர்ஜியின் பெயர் மட்டும் ஆட்டக் குறிப்புகளுக்குள் தங்கிப்போனது அநியாயம்.

குதிரைக்கு ஈடாக வெள்ளைக்குக் கிடைப்பவை இரண்டு சிப்பாய்கள், கோட்டை கட்டும் உரிமையை இழந்த எதிரி ராஜா, ராஜா பக்கத்தில் கறுப்பின் இரண்டு சிப்பாய்களுக்கு எதிராகத் தன் நான்கு. அந்தக் காலத்தில் அடுத்து மந்திரியால் செக் வைப்பது பிரபலம். இன்று டி4 மேல் என்கிறார்கள். அவசரப்பட்டு ஈ4 சிப்பாயைக் குதிரையால் வெட்டும் கறுப்புக்கு வலி காத்திருக்கிறது: ராணி எச்5-இல் செக், ஜி6 ஆடி மறைத்தால் டி5-இல் மீண்டும் செக். அடுத்து ஈ4 குதிரை போய்விடும். கொடுத்த குதிரை திரும்பி வந்து ஒரு சிப்பாயும் லாபம்.

நிதானமாக விடை தேடுபவரிடம் இது எடுபடுவது கடினம். கணினிகள் கறுப்பின் பக்கம்தான். ஆனாலும் 1999 லினாரெஸ் போட்டியில், பெத்ரோவில் கைதேர்ந்த கிராம்னிக்குக்கு எதிராகவே டோபலோவ் இதை ஆடினார். சி5 தள்ளிப் பதில் கொடுத்தார் கிராம்னிக். ஆட்டம் டிராவில் முடிந்தது. கடிகாரம் விரட்டும் அதிவேகப் போட்டிகளில், திறந்த வெளியில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டிய கறுப்புக்கே நெருக்கடி அதிகம்.