கேக்கின் மேல் விழுந்த பழி

அக்கா மகனுக்கு அன்று மூன்றாவது பிறந்தநாள். மத்தியானம் சூரை மீன் குழம்பு, கத்தரிக்காய் வதக்கல், தக்காளி ரசம். சாயங்காலம் கடையில் வாங்கிய சாக்லேட் கேக். ஒரு துண்டு சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அக்காவுக்கு முகமும் கழுத்தும் சிவந்துவிட்டன. மூக்கொழுகல், தலைவலி, நெஞ்சு படபடப்பு வேறு. அன்றோடு கேக்கை விட்டுவிட்டாள். பிள்ளை ஊட்ட வந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். இரண்டு வருடம் கழித்து ஒரு மருத்துவர்தான், “அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார்.

நிரம்பி வழியும் குடம்

ஹிஸ்டமின் நம் உடம்பு தானே உண்டாக்கும் பொருள். சாப்பாட்டிலும் அது இருக்கிறது. மீன், இறைச்சி, பால் இவற்றிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதனால்தான் கருவாடு, ஐஸ் போதாமல் கிடந்த சூரை, பல மாதம் வைத்துப் பக்குவப்படுத்திய சீஸ், ஒயின், சோயா சாஸ் போன்றவற்றில் அது மிகுதி. ஒருமுறை உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது.

சிறுகுடலில் டயமின் ஆக்சிடேஸ் என்ற நொதி இதை உடைத்துவிடும். நொதியின் வேலை போதாதவர்களுக்கு வருவதே ஹிஸ்டமின் ஏற்பின்மை. இது அலர்ஜி அல்ல. அலர்ஜிக்காரருக்கு ஒரு துளியே ஆபத்தாகலாம். இங்கே கணக்கு, நாள் முழுக்க உள்ளே போன மொத்த அளவில் இருக்கிறது. காலையிலிருந்து குடம் நிரம்பிக்கொண்டே வருகிறது. கடைசியாக ஊற்றிய செம்பில் வழிந்தால், பழி அந்தச் செம்பின் மேல் விழுகிறது. அக்காவுக்குக் கேக் அந்தக் கடைசிச் செம்பு. ஒருநாள் மட்டும் வந்திருந்தால் மீன் கெட்டிருந்தது என்று விட்டிருக்கலாம். அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்த நாள்களிலும் இதே தொல்லை வந்தது.

கேக்கில் எது சந்தேகத்துக்குரியது?

மைதா, சர்க்கரை, வெண்ணெய், புதுப் பால் இவற்றில் பயப்படும்படி எதுவும் இல்லை. பேக்கிங் பவுடர் சேர்த்த மாவு புளித்துப் பொங்குவதில்லை. அதிலிருந்து கிளம்பும் வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. பலருக்குத் தொல்லை தருவது அதற்கு மேல் சேர்பவை. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் உலர்பழங்களை ரம்மில் ஊறப் போடுகிறார்கள். மதுவோ நொதியின் வேலையையே தடுக்கும். கோக்கோ, ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, ஆரஞ்சு, வால்நட், முந்திரி எல்லாம் உடம்பிலுள்ள ஹிஸ்டமினைக் கிளப்பிவிடும் என்று பட்டியல் போடுகிறார்கள். இதற்கான ஆய்வுச் சான்று பலவீனமானது. ஒரு பட்டியலில் தள்ளிய பழம் இன்னொன்றில் நல்ல பழமாக இருக்கும். அத்தனையையும் ஒரே நாளில் ஒதுக்கி உடம்பை இளைக்கவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இரும்புச் சட்டியில் வெறும் கேக்

அக்கா இப்போது செய்வது இதுதான். மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், இரண்டையும் சலித்துக்கொள்ள வேண்டும். பொடித்த சர்க்கரை 120 கிராம், உருக்கி ஆறிய வெண்ணெய் 80 கிராம், பால் 200 மில்லி, கொஞ்சம் ஏலக்காய்ப் பொடி. முட்டையில்லாத கேக்குக்குப் பலரும் சோடா உப்போடு வினிகர் விடுவார்கள். பேக்கிங் பவுடரில் புளிப்பும் சேர்ந்தே இருப்பதால் வினிகர் தேவையில்லை. கனத்த சட்டியில் கல்லுப்பைப் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, மேலே ஒரு வளையம் வைத்து, அதன்மேல் மாவு ஊற்றிய பாத்திரம். தீ சின்னதாக எரியட்டும். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஏலக்காய் மணம் கூடம் வரை வரும். அப்போதே திறக்கக் கூடாது, நடுவில் அமுங்கிவிடும். இன்னும் பத்து நிமிடம் விட்டு ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டாமல் வரும். மீந்தால் அன்றே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவாள்.

கேக்தான் வேண்டும் என்பதில்லை. அரிசி மாவில் உடனே பிடித்த பால் கொழுக்கட்டை, முந்திரி திராட்சை போடாத சேமியா பாயசம், அன்னாசி இல்லாத ரவா கேசரி, வேகவைத்த ஆப்பிள் எல்லாமே பெரும்பாலும் ஒத்துப்போகும். புளித்த மாவில் சுடும் இனிப்புப் பணியாரத்தை மட்டும் ஒன்றில் தொடங்கிப் பார்க்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது

ஒரு நோட்டு போதும். சாப்பிட்டது, நேரம், வந்த தொந்தரவு மூன்றையும் எழுதுங்கள். நொதியின் அளவை ரத்தத்தில் பார்க்கும் சோதனை உண்டு. அதை மட்டும் வைத்து இந்தக் கோளாறை உறுதி செய்ய முடியாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஹிஸ்டமின் குறைந்த சாப்பாடு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது என்பதே நடைமுறை. அக்கா அப்படித்தான் சாக்லேட் கேக்குக்கு வந்தாள். மத்தியானம் பூசணிக்காய்க் கூட்டும் சோறும் சாப்பிட்ட நாளில் ஒரு சின்னத் துண்டு, ஒன்றும் ஆகவில்லை. குழந்தைகளுக்கு இந்தப் பத்தியத்தை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் ஹிஸ்டமின் உடைவதைத் தடுக்கும். அந்த மாத்திரை போடும் நாள்களில் சூரை சாப்பிட்டு முகம் சிவந்து படபடத்தவர்கள் உண்டு. அப்போது தவிர்க்க வேண்டியது மீனை. மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், மயக்கம் வந்தால் நோட்டைத் தேட வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.