விழுந்துவிடுவார் என்று படுக்க வைக்காதீர்கள்

பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் சில மாதங்களில் இடுப்பெலும்பு முறிந்து மறுபடி மருத்துவமனைக்கு வருவது, கடலூர், சிதம்பரம் பக்கம் ஓயாமல் நடக்கிறது. விசாரித்தால், விழுவதற்கு முந்தைய வாரங்களில் அவர் சரியாக நடந்ததே இல்லை என்பது தெரியவரும். விழுந்துவிடுவாரோ என்று கட்டிலிலேயே வைத்திருப்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு வீட்டார் கண்ட வழி ஆபத்தானது.

கட்டில் காப்பாற்றாது

கட்டிலில் கிடக்கும் கால் தசை வற்றும், முடங்கிய பக்கத்து எலும்பு வலுவிழக்கும். ஆனாலும் இரவில் சிறுநீர் கழிக்க அவர் எழுந்துதான் ஆக வேண்டும். பழக்கமில்லாத காலோடு இருட்டில் எழுகிறவர் விழுகிறார், வலுவிழந்த எலும்பு முறிகிறது. "நடக்கவிட்டால் விழமாட்டாரா?" என்று கேட்பீர்கள். விழக்கூடும். 2011-இல் வெளியான அமெரிக்காவின் லீப்ஸ் ஆய்வில் பக்கவாதம் வந்த 408 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒருமுறையாவது விழுந்தார்கள். ஆகவே தனியாக விடச் சொல்லவில்லை; ஆள் துணையோடு, முறையாக நடக்கச் சொல்கிறேன். "அதற்கெல்லாம் பெரிய இயந்திரம் வேண்டுமே" என்பது அடுத்த தயக்கம். பிசியோதெரபிஸ்ட் வீட்டிலேயே தந்த பயிற்சி, டிரெட்மில் பயிற்சிக்குக் குறைந்ததல்ல என்று அதே ஆய்வு காட்டியது. அதற்காக வீட்டார் மட்டுமே போதும் என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்த 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வில், குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து அவர்கள் வழியே தந்த பயிற்சியால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பயிற்சி பெற்றவரின் கண் வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

புறா ரத்தமும் சுடு எண்ணெயும்

புறா ரத்தம் தடவினால் கால் எழும் என்று இன்னும் நம்புகிறார்கள். பாதிப்பு மூளையில் இருக்கிறது. தோலில் எதைத் தடவினாலும் அங்கே போய்ச் சேராது. அதைவிடக் கொடுமை, உணர்ச்சியற்ற காலில் கொதிக்கக் கொதிக்க எண்ணெய் ஊற்றுவது. தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. தொங்கும் கையைப் பிடித்து இழுத்து நீவினால் தோள்மூட்டு நழுவும். இவற்றில் போகும் வாரங்கள், மூளை வேகமாக மீண்டும் கற்கும் தொடக்க மாதங்களிலிருந்தே கழிகின்றன.

மருந்துக் கடையில் நீங்களே வாங்கும் தூக்க மாத்திரையை என்னவென்று சொல்வது! இரவில் விழவைக்க அதுவே போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கேட்காமல் வலி மாத்திரை கொடுத்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். "பிரஷர் குறைந்துவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவது அடுத்த பக்கவாதத்தை அழைக்கும். எழுந்ததும் தலை சுற்றினால், படுக்கையிலும் நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

வாசற்படியைப் பாருங்கள்

முடங்கிய காலின் முன்பாதம் தொங்கும். அரை அங்குல நிலைப்படியே தடுக்கிவிடும். ரப்பர் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், உணர்ச்சியில்லாத பாதத்துக்கு அது தெரியாது. அவர் இன்னொரு காலடி வைப்பார். நேராக நடக்கும்போது சமாளிப்பவர் கூடத் திரும்பும்போது தடுமாறுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி படிந்த கொல்லைப்புறம் சொல்லவே வேண்டாம். தயவுசெய்து, குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவெல்லாம் விளக்கு எரியட்டும். கால்மிதியை எடுத்துவிடுங்கள். கழிவறைச் சுவரில் ஒரு கம்பி பதியுங்கள். எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார வையுங்கள். நடக்கும்போது முடங்கிய பக்கத்தில் நில்லுங்கள், கையைப் பிடித்து இழுக்காமல் இடுப்பைப் பிடியுங்கள். கழிவறைக்குள் அவர் தாழ்ப்பாள் போட வேண்டாம்.