கொல்லிமலையில் சாமை மீண்ட கதை

நாமக்கல்லில் புறப்பட்டுச் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் பேருந்து, காரவள்ளியில் சமவெளியை விட்டு மலை ஏறத் தொடங்குகிறது. அங்கிருந்து சோளக்காடு போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். கிழங்கு வெட்டும் பருவத்தில் இந்தப் பாதையில் செல்வோர், எதிரே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மெல்ல ஊர்ந்து இறங்கும் லாரிகளைக் காணலாம். மூட்டைகளில் இருப்பது குச்சிக்கிழங்கு. நாமக்கல், சேலம் மாவட்டங்களில் உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது போகிறது.

இரண்டு தலைமுறைக்கு முன் இந்த மலையிலிருந்து கிழங்கு இவ்வளவு இறங்கியதில்லை. சரிவுகளில் அப்போது சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. விளைந்ததில் பெரும்பகுதி மலைவாழ் மக்களின் அடுப்புக்கே போயிற்று.

கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் இம்மலையில் பதினான்கு ஊராட்சிகள் உள்ளன. வளப்பூர் நாடு, சேளூர் நாடு, தேவானூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பலவும் "நாடு" என்றே பெயர் பெற்றுள்ளன. குடிமக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது; அவர்கள் பேசுவதும் தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து மூத்தவர், நடுவர், இளையவர் என மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறினர் என்றும், அவர்களின் வழிவந்தவர்களே தாங்கள் என்றும் அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது.

ஏர்முனை கண்ட இறைவன்

இந்த மலையின் புகழ்பெற்ற கோயிலின் கதையும் உழவிலிருந்தே தொடங்குகிறது. உழவர் ஒருவர் நிலத்தை உழுதுகொண்டிருந்தபோது கொழுமுனை எதிலோ தட்டியதாம். தோண்டிப் பார்த்தால் ஒரு லிங்கம். அடிபட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது. அந்தத் தழும்பு லிங்கத்தின் உச்சியில் இன்றும் இருக்கிறது என்கிறார்கள். அவரே அறப்பளீஸ்வரர். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியது இவர்மீதுதான்.

கோயிலை அடுத்து ஓடும் ஐயாற்று மீன்களுக்கும் ஒரு கதை உண்டு. யாரோ ஒருவர் மீனைப் பிடித்து, அறுத்துக் குழம்பு வைத்தாராம். கொதிக்கும்போது துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, மீன் உயிர் பெற்று ஆற்றில் குதித்து ஓடிவிட்டதாம். அதனால் அங்குள்ள மீன்களை யாரும் பிடிப்பதில்லை. வருகிறவர்கள் பொரி தூவிவிட்டுப் போகிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஆற்றின் ஒரு பகுதியில் மீன்குஞ்சுகள் அழியாமல் இருக்க இதைவிட மலிவான காவல் ஏற்பாடு கிடையாது.

கொல்லிமலை சங்கப் பாடல்களிலும் பேசப்படுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை அடுத்தடுத்துத் துளைத்தவன் என்று அவனைப் பற்றிக் கூறுவர். மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது வரலாறு. செம்மேட்டில் குதிரைமீது அமர்ந்த ஓரியின் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டையொட்டி அரசு விழா நடக்கிறது. சிரித்தே உயிர் குடிக்கும் கொல்லிப்பாவையைப் பற்றியும் பழைய பாடல்கள் சொல்கின்றன. மலைமக்கள் வணங்கும் எட்டுக்கை அம்மனையே அந்தப் பாவை என்று கருதுவோர் பலர்.

கிழங்கு வந்தது ஏன்?

சாமையைக் கைவிட்டதற்காக மலை விவசாயிகளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பாதை வந்தது, லாரி வந்தது, அடிவாரத்தில் ஆலைகள் பெருகின. 1981-ல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் தொடங்கப்பட்ட பின் அந்தத் தொழில் மேலும் நிலைபெற்றது. குச்சியை ஊன்றிவிட்டு ஓரிரு முறை களை எடுத்தால், ஒன்பது பத்து மாதத்தில் கையில் மொத்தமாகப் பணம் வருகிறது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் பணந்தான் வேண்டியிருக்கிறது. நியாய விலைக் கடையில் அரிசி கிடைக்கும்போது, சாமைச் சோற்றுக்காக யார் பாடுபடுவார்?

அந்தப் பாடுதான் முக்கியமான காரணம். சாமையின் உமி அரிசியோடு இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலில் காய வைத்து, உரலில் இட்டுக் குத்தி, முறத்தால் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். ஒருவேளைச் சோற்றுக்கான சாமையை அரிசியாக்க ஒரு பெண் அரை நாளைச் செலவிட்டாள். காட்டு வேலை, விறகு, தண்ணீர் எல்லாம் அதற்கு மேல். வீட்டில் நெல்லரிசி நுழைந்தவுடன் பெண்கள் உலக்கையை மூலையில் சாய்த்ததில் வியப்பில்லை. சிறுதானியம் குறைந்ததற்கு விலையையும் மழையையும் காரணம் சொல்பவர்கள், உலக்கை பிடித்த கைகளை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் கிழங்கில் உள்ள இடர்கள் போகப்போகத்தான் தெரிந்தன. சாமையை உமியோடு தொம்பையில் கொட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பூச்சியும் எளிதில் அண்டாது. விலை சரியில்லை என்றால் விற்காமல் வைத்துக்கொள்ளலாம், அல்லது உண்ணலாம். குச்சிக்கிழங்கைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் கறுத்து அழுகும். எழுபது வளைவு இறங்கி வந்த லாரியை, விலை குறைவு என்று யாரும் திருப்பி மலைக்கு ஓட்டிப் போக முடியாது. மாவுச்சத்தின் "பாயிண்ட்" பார்த்து ஆலை சொல்வதே விலை.

சரிவு நிலத்தில் மண்ணும் போகிறது. கிழங்குப் பயிர் அகல அகல நிற்பது. முதல் மூன்று மாதம் தரை திறந்தே கிடக்கும். தென்மேற்குப் பருவமழை அந்த வேளையில்தான் அடிக்கும். அறுவடையிலும் மண்ணைக் கிளறியே எடுக்க வேண்டும். சாமை நெருக்கமாக முளைத்துச் சீக்கிரமே தரையை மூடிவிடுகிறது.

போதாததற்கு மாவுப்பூச்சியும் வந்தது. மரவள்ளியைத் தாக்கும் புதிய மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் காணப்பட்டு, பின்னர் நாமக்கல், சேலம் பகுதிகளிலும் பரவி, நுனிகளைச் சுருட்டி விளைச்சலைக் குலைத்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் பெருக்கியது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. கிழங்கைத் தொடர்ந்து பயிரிடுவோர் பூச்சி இல்லாத தோட்டத்திலிருந்து மட்டுமே விதைக்குச்சி எடுக்க வேண்டும். குளவி விட்ட இடத்தில் கடும் நஞ்சைத் தெளித்தால், பூச்சியைவிடக் குளவிதான் முதலில் சாகும்.

உலக்கைக்குப் பதில் இயந்திரம்

1990-களின் பிற்பகுதியிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டு வருகிறது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, செந்தினை, பெருந்தினை என்று மலைக்காரர்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் நாட்டு ரகங்கள் திரட்டப்பட்டன. ஊர்களில் விதை வங்கிகள் ஏற்பட்டன. விதை வாங்கியவர், விளைந்ததும் வாங்கியதைவிடக் கூட்டித் திருப்பித் தருவது அங்குள்ள முறை.

விதை மட்டும் இருந்திருந்தால் வேலை அதோடு நின்றிருக்கும். ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்கள் நிறுவப்பட்டு, பெண்கள் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விடப்பட்டதுதான் திருப்பம். அரை நாள் குத்தியது சில நிமிடங்களில் முடிந்தது. சாமை அரிசி, ரவை, மாவு என்று பொட்டலமிட்டு மலையின் பெயரிலேயே விற்கவும் வழி பிறந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளிலெல்லாம் சாமைக்கு மவுசு வந்தது. இந்த மலையின் குழுக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பொட்டலம் கட்டத் தொடங்கியிருந்தன.

கிழங்கு மலையை விட்டுப் போய்விடவில்லை, போகவும் போகாது. மிளகு, காப்பி, மலைவாழை, அன்னாசி, பலா எல்லாமும் இருக்கின்றன. நிலத்தில் ஒரு பகுதியையாவது சாமைக்கு ஒதுக்கும் குடும்பங்கள் மீண்டும் தென்படுவதே பெரிய மாற்றம்.

அடிவாரத்து மானாவாரி விவசாயிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் உண்டு. சாமையை வரிசையாக விதைத்தால் ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். தூவி விதைத்தால் 5 கிலோ. வரிசைக்கு வரிசை 25 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி விடலாம். முதல் மழையிலேயே விதைப்பது அவசியம். காலம் கடந்த விதைப்பில் குருத்து ஈ புகுந்து இளம் பயிரின் நடுக்குருத்தைக் காயவைக்கும். அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம் தந்த ஏ.டி.எல். 1 ரகம் 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும். நாட்டு ரகங்களில் சில கூடுதல் நாள் நிற்கும். இடையிடையே துவரை வரிசை விட்டால் குடும்பத்தின் பருப்புத் தேவைக்கும் ஆயிற்று.

களத்தில்தான் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். மண் தரையில் அடித்த சாமையில் பொடிக்கல் சேர்ந்துவிடும். அது இயந்திரத்தையும் தேய்க்கும், வாங்குபவரின் பல்லையும் தேய்க்கும். சாணமிட்டு மெழுகிய களமோ, தார்ப்பாயோ வேண்டும். ஈரம் இருந்தால் உமி கழலாது. அளவுக்கு மீறிக் காய்ந்தால் அரிசி நொறுங்கும். நெல் அரைக்கும் ஆலையில் சாமையைக் கொட்டிப் பார்ப்பது வீண் வேலை. சிறுதானியத்துக்கென்று அமைந்த, மணியைச் சுழற்றி மோதவிட்டு உமி நீக்கும் இயந்திரமே ஏற்றது. நூறு கிலோ சாமைக்கு அறுபது முதல் எழுபது கிலோ வரை அரிசி எதிர்பார்க்கலாம். உமி நீங்கிய அரிசி நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும் என்பதால், மொத்தமாக அரைத்து வைக்காமல் விற்பனைக்குத் தக்கபடி அரைப்பது நல்லது. தனி விவசாயி ஒருவர் இயந்திரம் வாங்குவது கட்டுப்படியாகாது. குழுவாகச் சேர்ந்து வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகினால் மானிய விவரம் தெரியும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு

நேரில் பார்க்க விரும்புவோர் நாமக்கல் அல்லது சேலத்திலிருந்து பேருந்தில் போகலாம். வளைவுகளில் தலைசுற்றல் வருபவர்கள் முன் இருக்கையில் அமர்ந்து, வயிறு முட்ட உண்ணாமல் செல்வது நல்லது. செம்மேடு மலையின் தலைநகரம் போன்றது. தங்கும் விடுதிகளும் உணவுக் கடைகளும் அங்கு உண்டு. அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குத் தனியாகப் பாதை பிரிகிறது. சோளக்காட்டுச் சந்தையில் பலா, வாழை, அன்னாசி, மிளகு கிடைக்கும். நாட்டுச் சாமை விதை வேண்டுவோர் சந்தையில் தேடுவதைவிட, ஊர்களில் உள்ள மகளிர் குழுக்களிடம் விசாரிப்பது பலன் தரும்.

கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், ஏறுவதற்குள் முழங்கால் கணக்குக் கேட்கும். காலையிலேயே போய் உச்சி வெயிலுக்கு முன் திரும்புவது நலம். முதியவர்களும் இதய நோய் உள்ளவர்களும் கோயிலோடு நிற்பதே மேல். மழைக்காலத்தில் வெள்ளம் திடீரென்று பெருகும். தடை போட்டிருந்தால் மீற வேண்டாம்.

ஆடிப் பதினெட்டில் கூட்டம் அதிகம். ஐயாற்றில் நீராடவும் விழாவையும் மலர்க் கண்காட்சியையும் காணவும் சுற்று வட்டார மக்கள் திரண்டு வருவார்கள். கூட்டம் வேண்டாதவர்கள் தை, மாசியில் போனால் மிளகு பறிப்பதைப் பார்க்கலாம். காலையில் பனி இருக்கும் என்பதால் ஒரு கம்பளிச் சட்டை அவசியம்.

சொந்த வண்டியில் செல்வோர் அடிவாரத்திலேயே பெட்ரோலும் பிரேக்கும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப் பாதை விதி. இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். எதிரே கிழங்கு லாரி வந்தால் வளைவுக்கு முன்பே ஓரம் கட்டி நின்றுவிடுவது நல்லது. பேருந்தில் வந்தவர்கள், கடைசிப் பேருந்து எப்போது என்பதைச் செம்மேட்டில் இறங்கியவுடனேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.