அடிமைப்பெண் வைத்த பெயர்

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வேன்களின் நெற்றியிலும் கடைப் பலகைகளிலும் ‘யேகோவாயீரே’, ‘எல்ஷடாய்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எபிரேய வேதத்தில் கடவுளுக்கு வழங்கும் பெயர்களை ஒட்டியவை இவை. எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவள் நான். கடவுளுக்கு முதலில் பெயர் வைத்தது யார் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். ஆதாம், ஆபிரகாம், மோசே என்று பதில் வரும். ஆகார் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகார் எகிப்து தேசத்துக்காரி, சாராயின் அடிமை. பிள்ளையில்லாத சாராய் அவளைத் தன் கணவன் ஆபிராமுக்கு, பின்னாளில் ஆபிரகாம் எனப்பட்டவனுக்கு, கொடுத்தாள். ஆகாரின் சம்மதத்தை ஒருவரும் கேட்டதாகக் கதையில் இல்லை. அவள் கர்ப்பமானதும் எஜமானிக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. சாராய் கொடுமைப்படுத்தினாள், இவள் வயிற்றுப்பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடினாள். சூர் என்ற இடத்துக்குப் போகும் வழியில், ஒரு நீரூற்றின் அருகே தேவதூதன் அவளைக் கண்டான்.

ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் ஒன்று நெஞ்சில் தைக்கும். சாராயும் ஆபிராமும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். பெயரை மட்டும் சொல்வதே இல்லை. இருவர் வாயிலும் அவள் வெறும் அடிமைப்பெண். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற முதல் ஆள் அந்தத் தூதன்தான். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்றும் விசாரிக்கிறான். பதிலுக்கு அவள் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறாள்: எல் ரோயி, என்னைக் காண்கிற கடவுள். அந்தத் துரவுக்கும் அதையொட்டி பெயர்லாகாய்ரோயீ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் பெயர் சூட்டுவது மேலிருப்பவரின் உரிமை. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் யூதாவில் மத்தனியாவை அரியணையில் வைத்தபோது அவன் பெயரையே சிதேக்கியா என்று மாற்றினான். இங்கே அன்னிய தேசத்து அடிமைப்பெண் ஒருத்தி கடவுளுக்குப் பெயர் வைக்கிறாள், அவர் மறுக்கவில்லை. வேதத்தை எழுதிவைத்தவர்களும் அதை அழிக்கவில்லை. தூதன் அவளை மறுபடியும் அதே எஜமானியிடம் திரும்பிப்போகச் சொன்னான் என்பது என் மனம் இன்றுவரை ஆறாத இடம். பிள்ளைகளிடம் அதையும் மறைக்காமல்தான் சொல்கிறேன்.

இந்தப் பெயர்களெல்லாம் கடவுள் எப்படிப்பட்டவர் என்று உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் எழுதிவைத்த பட்டியல் அல்ல. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தவித்து நின்ற இடத்தில் பிறந்தது. மகனைப் பலியிடப் போன மலையில் அவனுக்குப் பதிலாக ஆட்டுக்கடா கிடைத்தபோது, அந்த இடத்துக்கு ஆபிரகாம் வைத்த பெயர் யேகோவாயீரே. மீதியானியருக்குப் பயந்து திராட்சை ஆலையில் ஒளித்துக் கோதுமை அடித்த கிதியோன், தூதனைப் பார்த்துவிட்டோமே, செத்துப்போவோமே என்று நடுங்கினான். பயப்படாதே என்ற வார்த்தை கிடைத்ததும் ஒப்ராவில் அவன் கட்டிய பலிபீடத்தின் பெயர் யெகோவா ஷாலோம். கர்த்தர் சமாதானம் என்று பொருள்.

மோசே மட்டும் நேராகவே கேட்டான். எரியும் முட்செடியின் முன்னால் நின்று, உம்முடைய பெயரை ஜனங்கள் கேட்டால் என்ன சொல்ல என்றான். ‘எஹ்யே அஷேர் எஹ்யே’ என்று பதில் வந்தது. இருக்கிறவராக இருக்கிறேன் என்று கொள்ளலாம். இருப்பேன் என்றும் கொள்ளலாம். பிடி கொடுக்காத பதில் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு வசனம் முன்னால், பார்வோனிடம் போக நான் யார் என்று மோசே தயங்கியபோது, உன்னோடு இருப்பேன் என்று கடவுள் சொல்கிறார். அங்கும் அதே ‘எஹ்யே’தான். பெயரைக் கேட்பதற்கு முன்பே பெயரின் உள்ளடக்கம் அவன் கைக்கு வந்துவிட்டது.

அந்த ‘எஹ்யே’யை ஒட்டி வருவதுதான் யேகோவா என்று நாம் எழுதும் பெயர். யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எழுத்துகளாலான அந்தப் பெயர் எபிரேய வேதத்தில் 6,800 தடவைக்கு மேல் வருகிறது. யூதர்கள் அதை உச்சரிப்பதில்லை. வாசிக்கும்போது ‘அதோனாய்’ என்பார்கள், பேச்சில் ‘ஹஷேம்’ என்பார்கள். கும்ரான் குகையில் 1947-இல் கிடைத்த ஆபகூக் விளக்கவுரைச் சுருளில், மற்றதெல்லாம் அன்றைய எழுத்தில் இருக்க, இந்தப் பெயரை மட்டும் பழைய எபிரேய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் ஜனங்கள் அதை உடம்போடு வைத்திருந்தார்கள். எருசலேமின் இன்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய கல்லறை ஒன்றில் தொல்லியலாளர் கேப்ரியல் பர்காய் 1979-இல் இரண்டு வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தார். தாயத்தாக அணிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சிறியதை விரித்தால் சுமார் 4 செ.மீ. நீளம். ஆசாரியரின் ஆசீர்வாதமும் அந்த நான்கு எழுத்துகளும் அவற்றில் கீறப்பட்டிருக்கின்றன. வயது ஏறக்குறைய 2,600 ஆண்டுகள்.

அந்தத் தாயத்துகளின் காலத்தை ஒட்டித்தான் கி.மு. 586 வாக்கில் எருசலேம் எரிந்தது; ஆலயம் இடிந்தது. கடவுள் குடியிருப்பதாக நம்பிய வீடே போய்விட்டது. தீர்க்கதரிசி எசேக்கியேல் அதற்கு முன்பே பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர். நகரம் விழுந்த பதினான்காம் வருஷத்தில், அன்னிய மண்ணிலிருந்தபடி, புதிதாக எழும்பும் ஒரு நகரத்தைத் தரிசனத்தில் கண்டார். வாசல் வாசலாக, கோல் கோலாக அதன் அளவுகளை எழுதிக்கொண்டே போகிறார். அலுப்பாக இருக்கிறது என்று பலரும் தாண்டிவிடும் அதிகாரங்கள் அவை. தாண்டாதீர்கள். ஊரை இழந்த ஒருவர் சுவர் சுவராக அதை மறுபடி கட்டுவது அது. அளவெல்லாம் முடிந்த பிறகு அந்த நகரத்துக்கு ஒரு பெயர் கொடுத்துப் புத்தகத்தை முடிக்கிறார்: யேகோவா ஷம்மா, கர்த்தர் அங்கே இருக்கிறார்.