எழுத்தும் விரலும் செவியும்: பார்வையற்ற மாணாக்கரும் தமிழ்ப் பாடநூலின் உற்பத்தியும்

1

கல்வி வாய்ப்பின் சமத்துவம் பற்றிப் பேசும்பொழுது பாடசாலை, ஆசிரியர், கட்டணம் ஆகியவற்றையே நாம் பெரும்பாலும் கருத்திற் கொள்கின்றோம். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கட்டணம் என்னும் தடையை இலங்கையில் அகற்றியது. 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூல் விநியோகம், நூலின் விலை என்னும் தடையையும் பாடசாலை மட்டத்திற் பெருமளவு நீக்கியது. இவ்விரு சாதனைகளும் மக்களின் நீண்டகால வேட்கைகளோடு தொடர்புடையவை. அவற்றின் வரலாற்று முக்கியத்துவம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

ஆயினும் இவற்றின் அடியில் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. நூல் மாணாக்கனின் கையை அடைந்துவிட்டால் அவன் அதனைப் படித்துவிடுவான் என்பதே அது. பார்வையற்ற மாணாக்கனுக்கு இலவசமாகக் கிடைக்கும் அச்சுநூல், எழுதப்படாத தாட்கட்டிலிருந்து எவ்வகையிலும் வேறுபட்டதன்று. நூல் அவனிடம் இருக்கின்றது, வாசிப்பு இல்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையருள் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், அஃதாவது 8.7 சதவீதத்தினர், ஏதேனுமொரு செயற்பாட்டுக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் காட்டியது. அவர்களுட் பார்வைக் குறைபாடு உடையோரே மிகப் பெருந்தொகையினர். வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை நீடித்த போர் பலரது கண்களையும் கைகளையும் பறித்தது என்பதும் இங்கு மறக்கற்பாலதன்று.

வலது குறைந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள் எனக் காலத்துக்குக் காலம் பெயர்கள் மாறி வந்துள்ளன. பெயர் மாற்றம் மதிப்பின் மாற்றத்தைக் குறிக்கலாம். ஆனால் நூல் உற்பத்தி செய்யப்படும் முறை மாறாதவரை, மாறிய பெயரைத் தாங்கிய மாணாக்கன் பழைய இடத்திலேயே நிற்பான். எனவே இக்கட்டுரை குறைபாட்டினை உடலின் பண்பாக மட்டுங் கொள்ளாது, அறிவினை உற்பத்தி செய்து விநியோகிக்கும் சாதனங்களுடன் அதற்குள்ள உறவினை நோக்க முற்படுகின்றது.

2

இவ்வுறவு வரலாற்று அடிப்படையில் மாறி வந்துள்ளமைக்குத் தமிழிலக்கிய வரலாறே சான்று தரும். ‘இரட்டையர்’ என வழங்கப்பெறும் புலவர் இருவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் முடமானவர். பார்வையற்றவரான அந்தகக்கவி வீரராகவ முதலியார் யாழ்ப்பாணம் வந்து பரராசசேகர மன்னனைப் பாடிப் பரிசில் பெற்றார் என்பது மரபுவழிச் செய்தி. இத்தகைய செய்திகளைத் தனிமனித மேதையின் அற்புதங்களாகக் காட்டுவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஆனால் இவற்றுக்குச் சமூக அடிப்படை ஒன்று உண்டு. ஏடு இருந்த காலத்திலும் கல்வி பெரும்பாலும் செவிவழியே நடைபெற்றது. ஆசான் சொல்ல மாணாக்கன் கேட்டு மனனம் செய்தான். யாப்பும் எதுகையும் மோனையும் நினைவுக்கு ஊன்றுகோல்களாயின. அத்தகைய கல்வி முறையில் பார்வையின்மை ஒரு துன்பமாக இருந்ததேயன்றிக் கற்றலை முற்றாக மறுக்கும் தடையாக இருக்கவில்லை.

இதனைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலமாகக் கொள்வது தவறாகும். அக்கல்வி சாதியாலும் செல்வத்தாலும் மிகக் குறுகிய வட்டத்துள் அடைபட்டிருந்தது. அவ்வட்டத்தை உடைத்ததில் அச்சு யந்திரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவியமையும், பாடசாலைப் பாலபாடங்களை வெளியிட்டமையும் எழுத்தறிவின் விரிவிற் குறிப்பிடத்தக்க கட்டங்களாகும். எனினும் அச்சுப் பண்பாடு ஒரு சாராருக்குக் கதவைத் திறந்த அதே வேளையில் இன்னொரு சாராருக்கு அதனை மூடியது. கற்றல் என்பது கண்ணால் வாசித்தல் என்று வரையறுக்கப்பட்டதும், பரீட்சை என்பது அச்சிட்ட வினாத்தாளுக்கு எழுதிய விடை என்று நிலைபெற்றதும், பார்வையற்றவன் ‘கற்க இயலாதவன்’ ஆயினன். அவனது உடல் மாறவில்லை. கல்வியின் சாதனம் மாறியது.

3

அச்சு மூடிய கதவைத் திறக்க மேற்கொள்ளப்பட்ட முதல் முயற்சிகள் கவனத்துக்குரியவை. பாரிசில் பார்வையற்றோருக்கான பாடசாலையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய வலந்தன் ஆவி, உரோம எழுத்துக்களையே தாளிற் புடைப்பாக அச்சிட்டார். பார்வையுள்ள ஆசிரியர் அவற்றைத் தாமும் வாசிக்கலாம். மாணாக்கரோ ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் மெல்ல மெல்லத் தேடவேண்டும். அந்நூல்களை மாணாக்கர் தாமே எழுதவும் இயலாது. கண்ணுக்காகப் பிறந்த வடிவம் விரலின்மீது திணிக்கப்பட்டது எனலாம்.

இதனை மாற்றியவர் அப்பாடசாலையின் மாணாக்கரே. குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1809இல் பிறந்த லூயி பிறெயில், மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் ஏற்பட்ட விபத்தினால் பார்வையிழந்தவர். சாள்ஸ் பாபியே என்பவர் வகுத்த பன்னிரு புள்ளி முறையை அறிந்த அவர், அது விரல் நுனிக்குள் அடங்காமையையும் எழுத்துக்கூட்டலைக் காட்டாமையையும் உணர்ந்து, 1824இல் தமது பதினைந்தாம் வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்ட முறையை உருவாக்கினார். 1829இல் அது நூலாக வெளிவந்தது. ஆனால் பார்வையுள்ள நிர்வாகிகளின் எதிர்ப்பினை அது நெடுங்காலம் எதிர்கொண்டது. பிறெயில் 1852இல் இறந்தார்; அவரது பாடசாலை 1854இலேயே அம்முறையை உத்தியோகபூர்வமாக ஏற்றது. சாதனத்தைப் பயன்படுத்துவோரே அதனை வடிவமைப்பதில் முதன்மை பெறவேண்டும் என்னும் பாடம் இவ்வரலாற்றில் அடங்கியுள்ளது.

4

இந்திய மொழிகளுக்குப் பல்வேறு பிறெயில் முறைகள் போட்டியிட்ட நிலை, யுனெஸ்கோவின் முயற்சியால் 1951 அளவில் முடிவுக்கு வந்தது. அதன் பயனாக உருவான பொதுமுறையான பாரதி பிறெயிலே தமிழுக்கும் அடிப்படையாகும். இம்முறையின் உள்ளமைப்புத் தமிழ் மாணாக்கர் யாவரும் அறியத்தக்கது.

ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 குறிகளை மட்டுமே ஆக்க முடியும். தமிழ் நெடுங்கணக்கிலோ 247 எழுத்துக்கள் உள்ளன. ஆயின் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம், புள்ளி ஆகிய 32 குறிகள் போதுமானவை. உயிர்மெய்யை எழுதும்போது மெய்க்குரிய குறியை அடுத்து உயிருக்குரிய குறி இடப்படும். அகரம் தனியே குறிக்கப்படுவதில்லை. ‘தமிழ்’ என்னும் சொல் அச்சில் மூன்றெழுத்து. பிறெயிலில் த, ம, இ, புள்ளி, ழ என ஐந்து கலங்களைப் பெறும். அச்சில் ‘கெ’ என்பதன் கொம்பு ககரத்துக்கு முன்னே நிற்கின்றது. ‘கொ’ என்பதிலோ குறி இருபுறமும் நிற்கின்றது. பிறெயிலில் இவ்விரண்டிலும் ககரமே முதலில் வரும். உயிர் அதனைத் தொடரும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் எனத் தொல்காப்பிய நூன்மரபு கூறும் ஒலிநிலைக்குப் பிறெயில் அச்சைவிட நெருங்கி நிற்கின்றது. பிறெயில் தமிழைச் சிதைத்த ஒரு குறைமொழி என எண்ணுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

இம்முறைக்குப் பொருளியல் எல்லை ஒன்று உண்டு. பிறெயில் தாள் தடித்தது; ஒரு பக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் கலங்களே அடங்கும். ஆகவே கைக்கடக்கமான அச்சுநூல் ஒன்று பிறெயிலில் பல பெருந்தொகுதிகளாகப் பெருகும். பிரதிகள் குறைவாகவே வேண்டப்படுவதால் இலாபநோக்குடைய சந்தை அதனை உற்பத்தி செய்ய முன்வருவதில்லை. 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும் 1956இல் தொடங்கிய கைதடி நவீல்ட் பாடசாலையும் சமயத் தொண்டின் அடிப்படையில் தோன்றியமை தற்செயலன்று. சந்தை கைவிட்டதைத் தொண்டு ஏற்றது. தொண்டு போற்றத்தக்கதே, ஆனால் அது உரிமைக்கு ஈடாகாது.

5

கணினி இந்நிலையை அடியோடு மாற்றக்கூடிய உற்பத்திச் சாதனமாகும். ஒருமுறை முறையாகத் தட்டெழுதப்பட்ட பாடம், அச்சாகவும் பிறெயிலாகவும் ஒலியாகவும் பெரிய எழுத்தாகவும் வெளிப்படக் கூடியது. திரையிலுள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்கள் பெருவிலைக்கு விற்கப்பட்ட காலத்தில், பார்வையற்றவரான மைக்கல் கரன் என்னும் அவுஸ்திரேலியர் 2006இல் ‘என்விடிஏ’ என்னும் வாசிப்பு மென்பொருளை இலவசமாக வழங்கத் தொடங்கினார். அது தமிழையும் வாசிக்கும். எனினும் அது வாசிப்பதற்கு, திரையில் தெரிவது உண்மையிலேயே தமிழாக இருத்தல் வேண்டும்.

இலங்கையில் பெருவழக்குப் பெற்ற ‘பாமினி’ போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. அவற்றில் ‘தமிழ்’ எனத் தட்டினால் கணினியின் நினைவிற் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலக் கூளம். வாசிப்பு மென்பொருள் அக்கூளத்தையே உரக்க ஒலிக்கும். 1991இல் வெளிவந்த யுனிக்கோட் முறை தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கியது. அதிலும் மெய்யை அடுத்தே உயிர்க்குறி பதியப்படுகின்றது. பார்வையற்றோரின் எழுத்தும் கணினியின் எழுத்தும் உயிர்மெய்யின் ஒலிமுறையைப் பின்பற்றுவதில் ஒன்றுபடுகின்றமை கருதத்தக்கது.

இரண்டாவது தடை ஒளிப்படமாகப் பிடிக்கப்பட்ட பக்கம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகள் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் அழிவிலிருந்து காத்துள்ளன. ஆனால் பக்கத்தின் படம் எழுத்தன்று. வாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படமே. எழுத்துணரி மென்பொருள் அதனை எழுத்தாக மாற்ற முயலும். எனினும் பழைய அச்சில் காலும் ரகரமும் ஒத்த வடிவம் பெறுதலாலும், ணா, றா, னா என்பவற்றுக்குப் பழைய கூட்டுருவங்கள் வழங்கியமையாலும் அது தடுமாறும். மனிதர் ஒப்புநோக்கித் திருத்துதல் இன்றியமையாதது.

மூன்றாவதாக, குரல் வாசிப்பிலும் இடர்கள் உள. தமிழில் ககரம் இடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கும். ‘பாவம்’ என்பது தீவினையா, நாட்டியக் கலைச்சொல்லா என்பதை எழுத்துக் காட்டாது. இலக்கிய மாணாக்கனுக்கு இது சிறு தொல்லையன்று. விரலால் எழுத்தை அறியாது செவியால் மட்டும் கற்பவன் லகர ளகர ழகரப் பிழைகளுக்கு எளிதில் உள்ளாவான். ஆகவே கணினிக் குரல் வந்தபின் பிறெயில் வேண்டியதில்லை என்னும் வாதம் ஏற்புடையதன்று.

6

சட்ட நிலையில் முன்னேற்றங்கள் உண்டு. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் குறைபாட்டினைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டுதலைத் தடுத்தது. 2013இல் மொறொக்கோவின் மராக்கெஷ் நகரில் நிறைவேறிய உடன்படிக்கை, பதிப்புரிமையாளரின் அனுமதியின்றியே பார்வையற்றோருக்கும் அச்சினை வாசிக்க இயலாத பிறருக்குமான பிரதிகளை ஆக்கவும், அவற்றை நாடுகளிடையே பரிமாறவும் வழிசெய்தது. நூல்களை வைத்துப் பிடிக்கவோ பக்கம் புரட்டவோ இயலாதோரும் இதில் அடங்குவர். இந்தியா 2014இலும் இலங்கை 2016இலும் இதில் இணைந்தன. எனவே தமிழகத்திற் பிறெயிலாக்கப்பட்ட ஒரு நூலை இங்கு மீண்டும் ஆக்கவேண்டியதில்லை, பெற்றுக்கொள்ள வழியுண்டு.

நூல் பண்டமாக இருக்கும் சமுதாயத்தில், வாசிக்கும் உரிமை சொத்துரிமையை ஓரிடத்திலேனும் மீறியமை இவ்வுடன்படிக்கையின் சிறப்பு. ஆனால் உரிமை நூலை உற்பத்தி செய்வதில்லை. ஆக்கும் உழைப்பும் ஊதியமும் ஒழுங்கமைப்பும் இன்றேல் அது வெற்றுத்தாளில் எழுதிய உரிமையாகவே எஞ்சும்.

7

இன்று பல்கலைக்கழகத் தமிழ் மாணாக்கருட் பார்வையற்ற ஒருவர், நண்பர் வாசிக்கக் கேட்டும் விரிவுரையை ஒலிப்பதிவு செய்தும் கற்கவேண்டிய நிலை பரவலாக உள்ளது. நண்பரின் ஓய்வுநேரமே அவரது நூலகம் ஆகின்றது. நட்பின் தயவில் தங்கியிருக்கும் கல்வியைச் சமவாய்ப்பு எனக் கூறமுடியாது.

இதனை மாற்றுதற்குப் பெருநிதி வேண்டும் என்பது அரைகுறை உண்மையே. விரிவுரைக் குறிப்புக்களை யுனிக்கோட்டில் தட்டுதல், தலைப்புக்களைத் தலைப்பென்றே கணினிக்கு உணர்த்துதல், படத்துக்கும் அட்டவணைக்கும் சொல்விளக்கம் தருதல், அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பினை அழிக்காது நூலகத்தில் ஒப்படைத்தல் ஆகியவற்றுக்குச் செலவு சிறிது. பாடநூலாக விதிக்கப்படும் எந்நூலும் வாசிப்பு மென்பொருளுக்கு ஏற்ற வடிவிலும் கிடைக்கவேண்டும் என ஒரு துறை விதி செய்யலாம். தமிழ்ச் சங்கங்கள் தம் வெளியீடுகளிலிருந்தே இதனைத் தொடங்கலாம். பழைய நூல்களை ஒப்புநோக்கித் திருத்தும் பணி மாணாக்கர்க்குப் பாடவிமர்சனப் பயிற்சியாகவும் அமையும். பார்வையற்ற மாணாக்கரே அம்முயற்சிகளின் நெறியாளராக அமைதல் வேண்டும் என்பது பிறெயிலின் வரலாறு காட்டும் நெறி.

எஞ்சியவை அரசின் பொறுப்பு. பிறெயில் அச்சு, தொட்டறியும் வரைபடங்கள், செவிப்புலனற்றோருக்கான சைகைமொழி விளக்கம், பயிற்றப்பட்ட ஆசிரியர் ஆகியன பொதுநிதியிலிருந்தே வரவேண்டியவை. இலவசப் பாடநூல் என்னும் கொள்கை, ஒவ்வொரு மாணாக்கனும் வாசிக்கக்கூடிய பாடநூல் என விரிவடையும்போதே 1945இன் வாக்குறுதி நிறைவுபெறும்.