ஒரு தீர்ப்பு உயிரோடு இருக்கிறதா?

போன மாதம் கல்லாற்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போனவர்களுக்கு அந்த ஊர் தெரியும். 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால், ஆற்றை ஒட்டி இருக்கிறது. எழுதியவர் பி.காம். முடித்த பெண். தேயிலை வேலைக்காகத் தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். அவருடைய அப்பா நெடுமங்காட்டில் வைத்திருந்த சின்ன வீட்டைத் தன் தம்பிக்கே குறைந்த விலையில் கிரயம் செய்து கொடுத்திருக்கிறார். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு அதைவிடக் கூடுதல். அந்த வித்தியாசத்துக்கு ஏன் வரி போடக் கூடாது என்று வருமான வரி நோட்டீஸ் வந்துவிட்டது.

பெண் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் இணையத்தில் தேடியிருக்கிறார். “சார், உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கிடைத்துவிட்டது. கே.பி. வர்கீஸ் வழக்கு. எங்கள் கதை அப்படியே இருக்கிறது. இதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதும்தானே?” என்று கேட்டிருந்தார்.

போதாது. ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. வரி வழக்கானாலும் கம்பெனி வழக்கானாலும், தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதே படியில்தான் நின்றுவிடுகிறார்கள்.

வர்கீஸ் எர்ணாகுளத்தில் 1958-இல் ஒரு வீட்டை 16,500 ரூபாய்க்கு வாங்கினார். 1965-இல் அதே விலைக்குத் தன் மருமகளுக்கும் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் விற்றார். வீடு 65,000 பெறும், மிச்சம் 48,500 உமக்கு லாபம் என்றது வருமான வரித் துறை. கேரள உயர் நீதிமன்றத்தில் அவர் தோற்றார். 1981 செப்டம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. உண்மையில் வாங்கிய தொகையைக் குறைத்துக் காட்டினால்தான் வருமான வரிச் சட்டத்தின் 52(2) பிரிவு பாயும், அப்படிக் குறைத்துக் காட்டினார் என்று நிரூபிக்க வேண்டியது துறையின் பொறுப்பு என்றது. நீதிபதி பி.என். பகவதி எழுதிய அந்தத் தீர்ப்பைப் படித்தால் கல்லாற்றுப் பெண்ணின் மகிழ்ச்சி புரியும்.

ஆனால் அந்த 52-ஆம் பிரிவு 1988 ஏப்ரலோடு சட்டத்திலிருந்தே போய்விட்டது. 2003-இல் 50சி என்று ஒரு பிரிவு வந்தது. நிலமோ வீடோ விற்றால், முத்திரைத் தீர்வைக்காக அரசு கணக்கிடும் மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. இப்போது 10 சதவீதம் வரை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்கிறது. குறைத்துக் காட்டினீர்களா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. வரிச் சட்டத்தை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கு வர்கீஸ் தீர்ப்பை நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாளுகின்றன. வீட்டை விற்றவரைக் காப்பாற்றிய பாதிதான் போய்விட்டது. இது தீர்ப்பின் பக்கத்தில் எங்கும் எழுதியிருக்காது. 1981-இல் எழுதியது 1981-இல் எழுதியபடியே திரையில் பளிச்சென்று நிற்கும்.

பொன்முடிக்கு ஒருமுறை போனபோது கல்லாற்றில் இறங்கிக் கால் நனைக்கப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி, உருண்டைக் கல்லெல்லாம் அடியில் தெரிகிறது, வானத்தில் மேகமில்லை. டீக்கடைக்காரர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். மேலே மலையில் மழை, இறங்காதே என்றார். டீ குடித்து முடிப்பதற்குள் ஆறு கலங்கி, கல்லெல்லாம் மூழ்கிவிட்டது. தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரைதான் நினைவுக்கு வருகிறது. வோடஃபோன் நிறுவனம் தன் வரி வழக்கில் 2012 ஜனவரி 20-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அதே ஆண்டு நிதிச் சட்டம் 1962 வரை பின்னோக்கிப் போய்ச் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் இன்னொரு திருத்தம் வந்து அந்தப் பின்தேதி வரியைக் கைவிட்டது. முதல் தீர்ப்பை மட்டும் படித்தவருக்கு இந்த இரண்டு வெள்ளமும் தெரியாது.

அப்படியானால் பின்னால் வந்ததைக் கண்டுபிடிப்பது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இங்கேதான் வருகிறது.

இளவயதில் நாகர்கோவிலில் ஒரு வரி வக்கீலிடம் சில வருடங்கள் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு சுவர் முழுக்க ஐ.டி.ஆர். தொகுதிகள். ‘இன்கம் டாக்ஸ் ரிப்போர்ட்ஸ்’ என்ற அந்தத் தொகுப்பும், கம்பெனி வழக்குகளுக்கான ‘கம்பெனி கேசஸ்’ தொகுப்பும் சென்னையிலிருந்து ஒரே நிறுவனம் வெளியிடுபவை. இரண்டுமே சுதந்திரத்துக்கு முந்தியவை. புது இதழ் வந்த அன்று சீனியர் எனக்குக் கொடுக்கும் முதல் வேலை, அதில் எந்தெந்தப் பழைய தீர்ப்பு பேசப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. பிறகு ஏணி போட்டு ஏறி, அந்தப் பழைய தொகுதியை இறக்கி, அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும்: ‘பின்பற்றப்பட்டது’, ‘வேறுபடுத்தப்பட்டது’, ‘ரத்து’. கூடவே புதுத் தொகுதி எண்ணும் பக்கமும். கை வலிக்கும். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஓரமே சொல்லிவிடும்.

இதே வேலையை 1873-இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் ஒரு தொழிலாகவே தொடங்கியிருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. எந்தத் தீர்ப்பைப் பின்னால் யார் எடுத்தாண்டார்கள் என்ற குறிப்பைப் பசை தடவிய சிறு தாள்களில் அச்சிட்டு விற்றார். வக்கீல்கள் அவற்றை நனைத்துத் தங்கள் புத்தக ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு அது தனி நூல்வரிசையாக வளர்ந்தது. ‘ஷெப்பர்டைஸ்’ என்று அவர் பெயரே அங்கே வினைச்சொல்லாகிவிட்டது.

அந்தப் பசைத்தாள் அங்கேயே நின்றுவிடவில்லை. ஷெப்பர்ட் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் 1950-களில் யூஜின் கார்ஃபீல்டு என்பவருக்கு, இந்த முறையை அறிவியல் கட்டுரைகளுக்கும் பயன்படுத்தலாமே என்று எழுதினார். கார்ஃபீல்டு 1955-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி, 1960-களில் அறிவியல் மேற்கோள் அட்டவணையை உருவாக்கினார். எந்தக் கட்டுரையை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று பார்க்கும் அந்த எண்ணம்தான் 1990-களில் கூகுளைத் தொடங்கிய இருவருக்கும் ஒரு ஊன்றுகோல். எந்தப் பக்கத்துக்கு எத்தனை இணைப்பு வருகிறது என்று எண்ணி வரிசைப்படுத்தினார்கள். கூகுளில் ஒரு வார்த்தை அடிக்கும்போது, ஒரு வக்கீல் புத்தக ஓரத்தில் ஒட்டிய தாளின் பேரப்பிள்ளையைத்தான் தொடுகிறோம். எனக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை.

நான் ஏணி ஏறிச் செய்த வேலையை இன்று இலவசமாகச் செய்து தருகிறது ‘இந்தியன் கானூன்’ என்ற தளம். 2008-இல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் தொடங்கியது. தீர்ப்பைத் திறந்தால், இது எவற்றைச் சுட்டுகிறது, இதை எவை சுட்டுகின்றன என்று இரண்டு இணைப்புகள் இருக்கும். எல்லாரும் தீர்ப்பைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இரண்டாவது இணைப்பைத்தான் முதலில் தட்ட வேண்டும். தேடும்போது சேர்ந்து வரவேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இரண்டும் கட்டாயம் வரவேண்டும் என்றால் ‘அண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில், கடைசி எழுத்தை இரட்டித்து எழுத வேண்டும். ‘ஆர்’, ‘நாட்’ என்பவற்றுக்கும் அப்படியே. சாதாரண வாக்கியத்தில் வரும் சொல்லோடு குழம்பாமல் இருக்க அந்த ஏற்பாடு.

கல்லாற்றுப் பெண்ணுக்காக நானே உட்கார்ந்து தேடினேன். வர்கீஸ் தீர்ப்பைச் சுட்டியவற்றில் 50சி பற்றிப் பேசுபவற்றை மட்டும் பார்த்துக்கொண்டு போனால், கே.ஆர். பழனிசாமி வழக்குக்கு வந்து சேரலாம். 50சி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008-இல் சொன்ன தீர்ப்பு. அரசு மதிப்பு அதிகம் என்று வரி செலுத்துபவர் நினைத்தால் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், அந்தப் பாதுகாப்பு பிரிவுக்குள்ளேயே இருக்கிறது என்பது அதில் முக்கியமான காரணம். அங்கிருந்து இன்னும் கீழே இறங்கினால், 2014-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சுனில் குமார் அகர்வால் வழக்கில், வரி செலுத்துபவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அதிகாரி அந்த வாய்ப்பைக் கொடுத்திருக்க வேண்டும் என்றது கிடைக்கும். அந்தக் குடும்பத்துக்கு உதவப்போவது இவைதான்.

இணைப்பைத் தட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. ‘உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது’ என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால், சிறப்பு அனுமதி மனு தள்ளுபடி என்று ஒற்றை வரி இருக்கும். அது உறுதி செய்ததாகாது. இதை விளக்கிச் சொன்னதும் கேரளத்து வழக்குதான்: குஞ்ஞயம்மது, 2000 ஜூலை 19. 1971-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் சட்டத்தைப் பற்றிய வழக்கு. காரணம் சொல்லாமல் அனுமதி மறுத்தால், கீழ் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு கலந்துவிடுவதில்லை என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். வரிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனாலும் ஐ.டி.ஆர். 245-ஆம் தொகுதி 360-ஆம் பக்கத்தில் அது அச்சாகி, வரி வக்கீல்கள் நித்தமும் புரட்டும் பக்கமாகிவிட்டது. காட்டு வழக்கு என்று ஒதுக்கியிருந்தால் கிடைத்திருக்குமா?

பிரிவு எண்ணை வைத்துத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண் மாறும். கம்பெனியில் சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்குவது பற்றிய வழக்குகள் இன்று 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 241, 242-இல் வருகின்றன. டாட்டா – மிஸ்திரி வழக்கு அப்படித்தான். அந்த எண்களை மட்டும் போட்டால், நீலகிரியில் கேத்தியில் இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் பற்றிய 1981-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முதலில் கண்ணில் படாது. அது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 397, 398-இன் கீழ் வந்தது. இந்தத் துறையில் அதைப் படிக்காமல் யாரும் வாதாட முடியாது. வருமான வரியிலும் இப்போது அதே கதை. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. எல்லாருக்கும் மனப்பாடமான 80சி அதில் 123. கணக்குத் தாக்கல் செய்யும் 139 அதில் 263. பழைய ஆண்டுகளின் வழக்குகள் பழைய எண்ணிலேயே நடக்கும். எண்ணோடு, பிரிவின் வாசகத்திலிருந்து நாலைந்து சொற்களையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது நல்லது.

இன்னொரு வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் “எனக்குச் சாதகமான தீர்ப்பு சொல்” என்று கேட்பது. அது சொல்லும், வழக்குப் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதமாக வரும். 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு ஒரு டிரஸ்ட் வழக்கில் போட்ட உத்தரவில், எங்குமே இல்லாத தீர்ப்புகள் சுட்டப்பட்டிருந்தது தெரிந்து அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2025-இல் மும்பை உயர் நீதிமன்றம், இல்லாத தீர்ப்புகளை நம்பி வரித் துறை போட்ட ஒரு மதிப்பீட்டு உத்தரவை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், தீர்ப்பு சொல்வதற்கு இந்தக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று மாவட்ட நீதிமன்றங்களுக்கு விதி வகுத்தது. பாதிக்கப்படுவது கடைசியில் வரி கட்டுகிற மனிதர். சுட்டும் தீர்ப்பைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பே 2023 ஜனவரி முதல் ‘ஈ-எஸ்.சி.ஆர்.’ தளத்தில் இலவசம். பல தீர்ப்புகளுக்குத் தமிழாக்கமும் இருக்கிறது. ஒரு தொகுதி வாங்கக் கடன் வாங்கிய சீனியர்களைப் பார்த்தவன் நான். இவ்வளவும் கைக்குள் வந்த பிறகு திறந்து பார்க்காமல் இருப்பது எனக்கு மன்னிக்கக்கூடிய தவறாகத் தெரியவில்லை.

கல்லாற்றிலிருந்து எழுதிய பெண்ணுக்கு: வர்கீஸை உள்ளே வைத்துவிடுங்கள், அம்மா. அரசு வைத்திருக்கும் மதிப்பு அந்த வீட்டின் சந்தை விலையைவிட அதிகம், 50சி (2)-இன்படி மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்புங்கள் என்று அப்பா கையெழுத்தில் ஒரு பதில் எழுதுங்கள். கூடவே வீட்டின் பழைய ஓடு, விரிசல் விட்ட சுவர், வழி குறுகல், எது விலையைக் குறைக்கிறதோ அதன் படங்களை வையுங்கள். நோட்டீஸில் கொடுத்திருக்கும் தேதிக்கு முன்னால் அது போய்ச் சேர வேண்டும்.