குளிர் தேசத்துக்குப் போனவர்கள் – 9: மிதிபடும் உப்பு

போன வாரம் ஸ்கார்பரோ பஸ் நிறுத்தத்தில் நான் வழுக்கி விழுந்ததோடு நிறுத்தியிருந்தேன். கம்பளி உடுப்புகளை எந்த வரிசையில் போடுவது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. ஆனால் உப்பு குறுக்கே வந்துவிட்டது.

திருமங்கலத்திலிருந்து டொரண்டோவுக்கு மகன் வீட்டுக்கு வந்திருந்த என் சித்தி, முதல் பனி பெய்த மறுநாள் வாசற்படியில் இறங்க மறுத்துவிட்டார். காரணம் குளிர் அல்ல. படி முழுக்கக் கல்லுப்பு தூவிக் கிடந்தது. "மகாலட்சுமிடா அது. மிதிச்சு நடக்கச் சொல்றியா?" என்றார். "மிதிக்காட்டி விழுந்துருவம்மா" என்றான் தம்பி. சித்தி கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கால் வைத்தார்.

ஐஸில் உப்பு செய்யும் வேலையைச் சித்தி மதுரையிலேயே பார்த்திருக்கிறார். ராத்திரி மணியடித்து வரும் குல்ஃபிக்காரர், பானையில் ஐஸ்கட்டியோடு கல்லுப்பைக் கலந்துதான் வைத்திருப்பார். உப்புத் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. அதனால் உப்பு பட்ட ஐஸ் உருகும். உருகுவதற்கான சூட்டைக் குல்ஃபி அச்சிலிருந்து இழுத்துக்கொள்ளும். உள்ளே பால் இறுகும். சரியான அளவில் கலந்தால் அந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். நமக்குப் பாலை உறைய வைக்கும் அதே உப்பு, அங்கே ரோட்டை உறையாமல் காக்கிறது. மைனஸ் 10க்குக் கீழே போனால் அதன் வேகம் குறைந்துவிடும். அப்போது மணலைத் தூவுவார்கள்.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான் இந்த வாரத்தை உப்புக்குக் கொடுத்தேன். டொரண்டோவுக்கு மேற்கே, ஹியூரான் ஏரிக்கரையில் காட்ரிச் என்ற சின்ன ஊர். 1866இல் எண்ணெய் கிடைக்குமா என்று துளை போட்டவர்களுக்கு உப்பு கிடைத்தது. இன்று உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அங்கேதான், ஏரிக்கு அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அந்த உப்பு படிந்தது சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது அந்த நிலம் வெப்ப மண்டலத்தில் கிடந்தது. ஆழமில்லாத கடல், சுடும் வெயில், வற்றிய நீர், மிஞ்சிய உப்பு. நம் தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதே அங்கே கண்டம் அளவுக்கு நடந்திருக்கிறது! கனடாவின் பனியை உருக்குவது வெயிலில் விளைந்த உப்பு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சித்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப நான் கும்பிட்டது சரிதான்" என்றார்.

சித்தியின் மரியாதை எனக்கும் சரியாகவே படுகிறது. தூவிய உப்பு எங்கும் மறைந்துவிடுவதில்லை. பனி உருகும்போது ஓடைக்கும் ஏரிக்கும் போய் மீன்களைப் பாதிக்கிறது; ரோட்டோரச் செடியைக் கருக்குகிறது; காரின் அடித்தகட்டைத் துருப்பிடிக்க வைக்கிறது. பூட்ஸில் படியும் வெள்ளைக் கறைக்கு மட்டும் வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தால் போதும்.

இந்தக் குளிர்காலத்துக்குப் பிள்ளைகளிடம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் பனியைத் தள்ளி வழியைச் சுத்தமாக்குங்கள். பிறகு கோலப்பொடி தூவுகிற அளவுக்கு உப்பைத் தூவுங்கள், வாரி இறைக்காதீர்கள். உடுப்பு விஷயம் அடுத்த வாரம்.